நிறுத்திய காரில் சிறு குழந்தைகள்: அறியப்படாத ஓர் அபாயம்

நாடு விடுதலை பெற்ற பின்னரும் நெடுங்காலம் வரை கார் என்பது நகரத்துச் செல்வர்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் உரிய பொருளாகவே கருதப்பட்டு வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்த பிறகே நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்கும் நிலை உருவாயிற்று. 2023-24 நிதியாண்டில் மட்டும் உள்நாட்டில் விற்பனையான பயணிகள் வாகனங்களின் எண்ணிக்கை 42 லட்சத்துக்கும் அதிகமாகும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 8 குடும்பங்களிடம் கார் இருக்கிறது. எஞ்சிய குடும்பங்களிடம் கார் இல்லையெனினும், அக்குடும்பங்களின் குழந்தைகள் வாழும் தெருவிலும் வயலோரத்திலும் இன்று கார்கள் நிறுத்தப்படுகின்றன.

ஓடும் வாகனத்தால் நேரும் விபத்துகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நிறுத்தப்பட்ட வாகனமும் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் தனித்து இருக்கும் சிறு குழந்தை மிகக் குறுகிய நேரத்தில் இறந்துவிடக்கூடும். இந்த அபாயத்தின் காரணங்களையும், அதைத் தடுப்பதில் குடும்பத்துக்கும் ஊருக்கும் அரசு அலுவலர்களுக்கும் உள்ள பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

நான்கு நிகழ்ச்சிகள்

அண்மை ஆண்டுகளில் நடைபெற்ற நான்கு நிகழ்ச்சிகளை முதலில் நோக்குவோம். 2022 ஜூன் மாதத்தில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர இயலாமல் உயிரிழந்தனர். 2024 மே மாதத்தில் இராஜஸ்தான் மாநிலம் கோட்டா மாவட்டத்தில் ஒரு குடும்பம் திருமண வீட்டுக்குச் சென்றது. தாய் மூத்த மகளுடன் இறங்கிச் சென்றார். தந்தை காரை நிறுத்திவிட்டு வந்தார். இளைய மகள் மற்றவரிடம் இருப்பதாக இருவருமே எண்ணிக்கொண்டிருந்தனர். அச்சிறுமி காருக்குள்ளேயே இறந்து கிடந்தாள்.

அதே ஆண்டு நவம்பரில் குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில், பெற்றோர் வயல் வேலைக்குச் சென்றிருந்த வேளையில், உடன்பிறந்த நான்கு குழந்தைகள் ஒரு காருக்குள் சிக்கி மாண்டனர். 2025 மே மாதத்தில் ஆந்திரப் பிரதேசத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் விளையாடச் சென்ற நான்கு குழந்தைகள் நிறுத்தப்பட்ட காருக்குள் உயிரிழந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டனர்.

நான்கு நிகழ்ச்சிகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் கணக்குக் கூற இயலாது. ஆயினும் இவற்றுள் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. கோட்டாவில் குழந்தை காரில் மறந்து விடப்பட்டது. ஏனைய மூன்று இடங்களில் குழந்தைகளை எவரும் காரில் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் தாமாகவே உள்ளே ஏறினர். அக்குழந்தைகளுள் பலர் அந்தக் காரின் உரிமையாளருடைய பிள்ளைகளும் அல்லர். ஆகவே, இந்த அபாயத்துக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. குழந்தையை உள்ளே வைத்து மூடப்படும் கதவு ஒன்று. வெளியே உள்ள குழந்தை ஏறுமாறு பூட்டாமல் விடப்படும் கதவு மற்றொன்று. மேலைநாடுகளின் அறிவுரைகள் பெரும்பாலும் முதல் வாயிலைப் பற்றியே பேசுகின்றன. நம் நாட்டில் இரண்டாவது வாயிலுக்கும் அதே அளவு கவனம் தேவைப்படுகிறது.

கார் சூடேறுவது எவ்வாறு?

நண்பகல் வேளையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. குறுகிய அலைநீளம் கொண்ட ஒளிக்கதிர்கள் காரின் கண்ணாடிகளை எளிதில் ஊடுருவி, இருக்கைகளையும் முன்பலகையையும் சூடேற்றுகின்றன. சூடேறிய இப்பொருள்கள் நீண்ட அலைநீளம் கொண்ட வெப்பக்கதிர்களை வெளிவிடுகின்றன. கண்ணாடி இக்கதிர்களை எளிதில் வெளியே விடுவதில்லை. சூடான காற்று மேலெழுந்து வெளியேறவும் வழியில்லை. எனவே வெப்பம் உள்ளே வருகிறது; வந்த வேகத்தில் வெளியேற முடிவதில்லை.

இதன் அளவை ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன. அமெரிக்காவில் மருத்துவர்களும் வானிலை வல்லுநர் ஒருவரும் சேர்ந்து மேற்கொண்ட ஆய்வொன்று 2005இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் குழந்தை மருத்துவ இதழில் வெளியாயிற்று. வெளி வெப்பநிலை 22 டிகிரி முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாள்களில் மூடிய காரின் உள்வெப்பத்தை அவர்கள் அளந்தனர். ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. இந்த உயர்வில் 80 விழுக்காடு முதல் 30 நிமிடங்களிலேயே ஏற்பட்டுவிட்டது. சன்னல் கண்ணாடியைச் சிறிதளவு இறக்கி வைத்தபோதும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை.

இம்முடிவுகளிலிருந்து இரண்டு பாடங்கள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘இன்று வெயில் அதிகமில்லை’ என்ற எண்ணம் பாதுகாப்பளிக்காது. வெளியே 25 டிகிரி உள்ள இதமான நாளிலும் மூடிய காருக்குள் 45 டிகிரியைத் தாண்டிவிடலாம். அம்ரேலி நிகழ்ச்சி நடைபெற்றது நவம்பரில் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டாவது, ‘ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன்’ என்று சென்றவர் கடையில் கூட்டத்தைக் கண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டால், வெப்ப உயர்வின் பெரும்பகுதி அதற்குள் நிகழ்ந்துவிடும்.

நிழலும் முழுப் பாதுகாப்பளிப்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடைபெற்று 2018இல் வெளியான ஆய்வில், 38 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுள்ள நாள்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உட்காற்று சராசரியாக 47 டிகிரியையும், முன்பலகை 69 டிகிரியையும் எட்டின. இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் அபாய எல்லையை அடைய வெயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரமும், நிழலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான காலமும் போதும் என்று அவ்வாய்வாளர்கள் கணக்கிட்டனர். இந்த ஒரு மணி நேரத்தைப் பாதுகாப்பான கால அளவாக எவரும் கொள்ளலாகாது. தொடக்க வெப்பம் கூடுதலாக இருந்தாலோ, குழந்தை நோயுற்றிருந்தாலோ அபாயம் அதனினும் விரைவில் நேரும்.

மூச்சுத்திணறலா, வெப்பமா?

இத்தகைய மரணங்களை ‘மூச்சுத்திணறல்’ என்று கூறுவது நம் வழக்கம். மூடிய இடத்தில் பல குழந்தைகள் இருந்தால் காற்றுத் தூய்மை கெடுவது உண்மையே. ஆனால் கார் காற்றுப் புகாத பெட்டியன்று. கதவு இடுக்குகளின் வழியாகவும் காற்றுத் துளைகளின் வழியாகவும் சிறிதளவு காற்று வந்துகொண்டேயிருக்கும். வெயிலில் நிற்கும் காரில் காற்றுக் குறைபாட்டை விட வெப்பமே முதற்பகையாகும். இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியைச் சேர்ந்ததன்று. மூச்சுத்திணறலே காரணம் என்று நம்புகிறவர், கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்துவிட்டுக் குழந்தைக்கு ஆபத்தில்லை என்று அமைதி கொள்வார். நோயின் பெயர் தவறாக இருந்தால் மருந்தும் தவறாகிவிடும்.

குழந்தையின் உடல்நிலை

பெரியவர்களின் உடலைக் காட்டிலும் சிறு குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறுகிறது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். எடையோடு ஒப்பிடுகையில் குழந்தையின் தோற்பரப்பு அதிகம். எனவே சூழ்நிலையின் வெப்பம் உடலுக்குள் விரைந்து புகுகிறது. வியர்வையின் மூலம் உடலைக் குளிர்விக்கும் ஆற்றலும் குழந்தைகளுக்குக் குறைவு. தாகம் எடுப்பதைச் சொல்லவும், வாரை அவிழ்க்கவும், கதவைத் திறக்கவும் கைக்குழந்தையால் இயலாது.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளையின் செயல் தடுமாறும் நிலையே வெப்பத் தாக்கு எனப்படுகிறது. குழந்தை முதலில் அழும்; பின்னர்ச் சோர்ந்து உறங்குவதுபோல் தோன்றும்; வலிப்பும் நினைவிழப்பும் தொடரலாம். உள்வெப்பம் 42 டிகிரியை நெருங்கும்போது உடலின் உயிரணுக்கள் சிதைந்து உறுப்புகள் செயலிழக்கத் தொடங்குகின்றன. குழந்தை அமைதியாகிவிட்டது என்று பார்ப்பவர் எண்ணும் நேரமே அபாயம் முற்றிய நேரமாக இருக்கக்கூடும்.

உள்ளே ஏறிய குழந்தையால் ஏன் வெளியே வர இயலவில்லை?

பழைய கார்களில் கைப்பிடியைச் சுழற்றிக் கண்ணாடியை இறக்கலாம். இன்றைய கார்களில் கண்ணாடிகள் மின்விசையால் இயங்குகின்றன. சாவியைத் திருப்பாத நிலையில் அவை பொதுவாக இறங்குவதில்லை. மேலும், ஓடும் காரின் பின்கதவைக் குழந்தை திறந்துவிடாதிருப்பதற்காகக் ‘குழந்தைப் பூட்டு’ ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, வெளியிலிருந்து திறக்கலாம். எனவே, வெளியே நின்று பின்கதவைத் திறந்து ஏறும் குழந்தை, கதவு சாத்திக்கொண்டதும் சிறைப்பட்டுவிடுகிறது. பாதுகாப்புக்காக அமைந்த கருவியே நிறுத்திய காரில் பொறியாக மாறுகிறது. முன்னிருக்கைக்கு ஏறிச் சென்று முன்கதவின் பிடியை இழுத்தால் வெளியேறலாம் என்பது, அந்தக் காரில் என்றுமே பயணம் செய்திராத குழந்தைக்குத் தெரியாது. அச்சமும் வெப்பமும் சேர்ந்து அதன் சிந்தனையையும் குலைத்துவிடுகின்றன.

மறதி யாருக்கும் நேரலாம்

அமெரிக்காவில் இத்தகைய மரணங்கள் 1998ஆம் ஆண்டு முதல் முறையாகத் தொகுக்கப்பட்டு வருகின்றன. அங்கு ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் இவ்வாறு இறக்கின்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மறந்து விடப்பட்டவர்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தாமாக ஏறிச் சிக்கியவர்கள். எஞ்சியோருள் பெரும்பாலோர் தெரிந்தே விடப்பட்டவர்கள்.

பெற்ற குழந்தையை ஒருவர் மறப்பாரா என்று கேட்கத் தோன்றும். தென் புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டயமண்ட் இதனை ஆராய்ந்துள்ளார். பழக்கத்தின்படி செயல்களைச் செய்விக்கும் நினைவும், இனிச் செய்ய வேண்டியதை நினைவூட்டும் நினைவும் மூளையில் வெவ்வேறு பகுதிகளைச் சார்ந்தவை. நாள்தோறும் நேராக அலுவலகம் செல்பவர், ஒரு நாள் மட்டும் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுச் செல்ல வேண்டியிருந்தால், உறக்கக் குறைவாலோ மனக்கவலையாலோ பழக்கமே மேலோங்கி அவரை அலுவலகத்துக்கு இட்டுச் சென்றுவிடலாம். பின்னிருக்கையில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தால் நினைவூட்ட ஓசையும் எழாது. அன்பில்லாதவர்களுக்கே இது நேரும் என்று கருதுகிறவர் முன்னேற்பாடு எதையும் செய்துகொள்ளமாட்டார். அதுவே பெரும் ஆபத்தாகும்.

பிற அபாயங்கள்

குளிர்சாதனத்தை ஓடவிட்டுக் குழந்தையைக் காரில் விட்டுச் செல்வது தீர்வாகாது. எஞ்சின் நின்றுபோனால் சில நிமிடங்களில் வெப்பம் ஏறத் தொடங்கும். மூடிய கொட்டகையில் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு சேரும். இது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் எளிதாக இணையக்கூடியது. சாவி உள்ள காரில் குழந்தை கியரையோ கைத்தடையையோ அசைத்தால் கார் உருளலாம். மின்விசைக் கண்ணாடியில் கழுத்தோ கையோ சிக்கலாம்.

சட்டமும் ஆட்சித் துறையும்

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, தம் பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே புறக்கணித்துத் துன்பத்துக்கு உள்ளாக்குவதைக் குற்றமாக்குகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்குத் தண்டனை விதிக்கிறது. அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு, குற்ற நோக்கமின்றி நல்லெண்ணத்துடன் மற்றொரு தீங்கைத் தடுப்பதற்காகச் செய்யும் செயலுக்குப் பாதுகாப்பளிக்கிறது. உள்ளே மயங்கிக் கிடக்கும் குழந்தையைக் காக்கக் கண்ணாடியை உடைக்கத் தயங்கி நிற்பவர் இதனை அறிந்திருத்தல் நலம்.

எனினும் தண்டனை என்பது மரணத்துக்குப் பின் வருவது. தடுப்பு முறைகளில் பிற நாடுகள் முன்னேறியுள்ளன. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காரில் ஏற்றிச் செல்வோர் நினைவூட்டும் கருவி வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை இத்தாலி 2018இல் இயற்றி, 2019 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் 2022 செப்டம்பரில் மழலையர் பள்ளிப் பேருந்து ஒன்றில் மறந்து விடப்பட்ட மூன்று வயதுக் குழந்தை இறந்ததைத் தொடர்ந்து, 2023 ஏப்ரல் முதல் அத்தகைய பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. பேருந்தின் பின்கோடி வரை நடந்து சென்று பார்த்தால்தான் ஓட்டுநர் அவ்வொலியை நிறுத்த இயலும் என்பது இக்கருவியின் ஒரு வகை. பள்ளி வேன்கள் பெருகியுள்ள நம் நாட்டுக்கும் இது ஏற்றதே. கருவி இல்லாவிடினும், இறுதி இருக்கை வரை நடந்து பார்க்கும் வழக்கத்துக்குச் செலவேதுமில்லை.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வெப்ப அலை அறிவுரைகளில், குழந்தைகளை நிறுத்திய வாகனத்தில் விட்டுச் செல்லலாகாது என்பதும் இடம்பெற்றுள்ளது. ஆமதாபாத் நகரம் 2013இல் தொடங்கிய வெப்பத் தடுப்புச் செயல்திட்டத்தைப் பின்பற்றிப் பல நகரங்களும் மாநிலங்களும் திட்டங்கள் வகுத்துள்ளன. இவற்றில் ‘வெறும் காரையும் பூட்டி வையுங்கள்’ என்ற ஒரு வரியையும் சேர்ப்பது பயன்தரும். இத்தகைய மரணங்கள் வெப்பத் தாக்கு, மூச்சுத்திணறல், விபத்து என வெவ்வேறு தலைப்புகளில் சிதறிப் போகாமல், மாவட்ட அளவில் தனியே பதிவு செய்யப்படுவதும் அவசியம். எண்ணப்படாத துன்பம் திட்டத்தில் இடம்பெறுவது அரிது.

பெற்றோர் வேலைக்குச் சென்ற வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையே அம்ரேலி போன்ற நிகழ்ச்சிகளின் அடித்தளம். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டத்தின் வழியே உருவான அங்கன்வாடிகளும், பால்னா திட்டத்தின் கீழ் இயங்கும் காப்பகங்களும் இதற்கு நிலையான விடையாகும். இடம்பெயர்ந்து வரும் கூலித் தொழிலாளரின் குழந்தைகள் இவற்றில் சேர்க்கப்படுகின்றனரா என்பதை அலுவலர்கள் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. எவ்வளவு குறுகிய நேரமாயினும் சிறு குழந்தையைக் காரில் தனியே விட்டுச் செல்லலாகாது.

2. வீட்டு முற்றத்திலோ வயலோரத்திலோ நிறுத்தினாலும் காரைப் பூட்டவேண்டும். பூட்டுமுன் பின்னிருக்கையைத் திறந்து பார்க்கவேண்டும். சாவி குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது. ஓடாத பழைய கார்களுக்கும் இது பொருந்தும்.

3. கைப்பை, செல்பேசி, அலுவலகக் கோப்பு ஆகியவற்றுள் ஒன்றைப் பின்னிருக்கையில் குழந்தையின் அருகே வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

4. பலர் சேர்ந்து பயணம் செய்து இறங்கும்போது, எந்தக் குழந்தை யார் பொறுப்பு என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவேண்டும்.

5. குழந்தை வராத நாளில் காப்பகமும் பள்ளியும் பெற்றோரிடம் உடனே தொலைபேசியில் விசாரிக்கவேண்டும்.

6. கார் விளையாடும் இடமன்று என்பதையும், சிக்கிக்கொண்டால் முன்னிருக்கைக்கு வந்து கதவுப் பிடியை இழுக்கவும் ஒலிப்பானை அழுத்தவும் வேண்டும் என்பதையும் அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் செய்துகாட்டிக் கற்பிக்கவேண்டும்.

7. குழந்தையைக் காணவில்லையெனில், கிணறு, குளம் ஆகியவற்றோடு அருகில் நிற்கும் கார்களின் உட்புறத்தையும் பின்பெட்டியையும் உடனே பார்க்கவேண்டும்.

முதலுதவி

காருக்குள் குழந்தை தனித்திருப்பதைக் கண்டால் கதவைத் திறக்க முயன்று, 112 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தால் காத்திராமல், குழந்தைக்கு எட்டத்தில் உள்ள கண்ணாடியை உடைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடைகளைக் களைந்து, உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிற வேண்டும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத் துணியையோ துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ வைக்கலாம். நினைவற்ற குழந்தைக்கு வாய்வழி நீர் புகட்டலாகாது. காய்ச்சல் மாத்திரைகள் வெப்பத் தாக்கில் பயன்படுவதில்லை. குளிர்விப்பதை நிறுத்தாமலேயே 108 ஊர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முடிவுரை

கார்கள் பெருகுவதை வளர்ச்சியின் அடையாளமாக நாம் கருதுகிறோம். ஒரு புதிய பொருள் ஊருக்குள் வரும்போது, அதனைக் கையாளும் அறிவும் அதனுடன் வரவேண்டும். திறந்த கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது கிணற்றின் உரிமையாளரது கடமை என்பதை நம் ஊர்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. அதுபோலவே, நிறுத்திய காரைப் பூட்டி வைப்பது காரின் உரிமையாளர் தம் குழந்தைகளுக்கு மட்டுமன்றித் தெருவில் விளையாடும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆற்றவேண்டிய கடமையாகும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. பின்னிருக்கையை ஒருமுறை பார்ப்பதும், சாவியை ஒருமுறை திருப்புவதும் போதும்.